பஞ்சம் என்ற வார்த்தையைக் காணவில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழை இலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன், நார்வேயிலிருந்து ஃபோன். அண்ணன் மகள். பதிமூன்று வயது.

"சித்தப்பா, ஸ்கூல்ல ஒரு ப்ராஜெக்ட். கஷ்டத்தைப் பத்தி அஞ்சு இங்கிலீஷ் வார்த்தை கொடுத்திருக்காங்க. அதுக்கு நார்வேஜியன்ல என்ன, வீட்டு மொழியில என்னன்னு எழுதணும். ஏதாவது ஒரு வார்த்தைக்கு நம்ம ஊர்க் கதையும் எழுதணும். அப்பாவைக் கேட்டா சித்தப்பாவைக் கேளுன்னுட்டார்."

ஐந்து வார்த்தைகள்: ஹார்ட்ஷிப், டிஸ்ட்ரெஸ், ஸ்கேர்சிட்டி, டெஸ்டிட்யூட், ஃபேமின்.

நான் படித்தது பி.காம். பார்ப்பது வங்கி உத்தியோகம். மொழி ஆராய்ச்சிக்கும் எனக்கும் ரொம்ப தூரம். இருந்தாலும் அண்ணன் நம்பிக் கைகாட்டி விட்டிருக்கிறான், விட முடியுமா? ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நார்வேஜியனில் ஹார்ட்ஷிப்புக்கு 'மூத்காங்' என்று ஒரு சொல். பிரித்தால் 'எதிரே நடப்பது'. எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குப் புரியும். பஞ்சத்துக்கு 'ஹுங்கெர்ஸ்நோத்'. ஹுங்கெர் என்றால் பசி, நோத் என்றால் ஆபத்து, அவசரத் தேவை. அதே நோத் அங்கே எல்லாக் கட்டடத்திலும் எழுதியிருக்குமாம். அவசர வழிக்கு 'நோத்-ஊத்காங்', நிவாரண உதவிக்கு 'நோத்-யெல்ப்'. விளைச்சல் பொய்த்த வருஷத்துக்கு 'ஊ-ஓர்'. 'ஓர்' என்றால் வருஷம், முன்னால் வரும் 'ஊ' எதிர்மறை. அதாவது 'வருஷம் அல்லாத வருஷம்'.

"எண்ணெய்க் காசு கொழிக்கிற ஊர்ல இதுக்கெல்லாம் எதுக்கு வார்த்தை?" என்று கேட்டேன். அவள் வகுப்பில் படித்ததைச் சொன்னாள். நெப்போலியன் போர்க் காலத்தில், 1807 முதல் 1814 வரை, டென்மார்க்கோடு சேர்ந்திருந்த நார்வேயை பிரிட்டிஷ் கப்பல்கள் முற்றுகையிட்டன. தானியம் வரவில்லை. 1812-இல் விளைச்சலும் போயிற்று. மரப்பட்டையை இடித்து மாவோடு கலந்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். இப்சன் 1862-இல் வெளியிட்ட 'தெர்யே வீகன்' என்ற நெடும்பாட்டு அதைப் பற்றித்தான். பசித்த பிள்ளைக்காக டென்மார்க்குக்குப் படகு வலித்துப் போய் பார்லி கொண்டு வருகிறவனை, கரை தெரியும் தூரத்தில் ஆங்கிலேயக் கப்பல் மடக்கி, படகை மூழ்கடிக்கிற கதை.

இந்தப் படகை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

கீழ்வீட்டு திதா

நாங்கள் குடியிருப்பது தெற்குக் கொல்கத்தாவில் ஒரு பழைய வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்காரரின் அம்மா இருக்கிறார். வயது தொண்ணூறைத் தொட்டுவிட்டது. எல்லாருக்கும் அவர் 'திதா', பாட்டி.

நாங்கள் குடிவந்த புதிதில், குக்கர் சோறு பிடிக்காத என் மனைவி உலை வைத்து வடித்து, கஞ்சியை சிங்க்கில் கொட்டியிருக்கிறாள். அந்தக் குழாய் கீழே முற்றத்தில் திறக்கும். வெள்ளையாக வந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு திதா மேலே ஏறி வந்துவிட்டார், அந்த முழங்கால் வலியோடு. கோபம் இல்லை. ஒரு பாத்திரத்தை நீட்டி, "இதைக் கொட்டாதே அம்மா, எனக்குக் கொடு" என்றார். மாட்டுக்கா என்றால் மாடு கிடையாது. வாசலில் திரியும் நாய்களுக்கு வைக்கிறார். இன்று வரை அப்படித்தான்.

காரணம் அப்போது தெரியாது. இந்த ஐந்து வார்த்தைகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனபோதுதான் தெரிந்தது. 1943-இல் அவருக்கு எட்டு வயது. கிராமங்களிலிருந்து வந்தவர்கள் இந்தத் தெருவில் வீடு வீடாக நின்று கேட்டது சோறு அல்ல. சோறு கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து போயிற்று. "ஃப்யான் தாவ் மா", கஞ்சித்தண்ணி கொடு தாயே என்றுதான் கேட்டார்கள். ராத்திரியில் அந்தக் குரல் நிற்காதாம். ஒரு நாள் காலையில் குரல் குறைந்திருந்ததாம். திதா அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வங்காளியில் பஞ்சத்துக்கு மூன்று சொற்கள். 'துர்பிக்கோ': சமஸ்கிருத துர்பிக்ஷம். பிச்சை கிடைப்பதே அரிதான காலம். 'ஆகால்': காலம் அல்லாத காலம். நார்வேயின் 'ஊ-ஓர்' ஞாபகம் வருகிறதா? எங்கேயோ இருக்கிற இரண்டு மொழிகள், வயல் காய்ந்தபோது காலண்டரையே மறுத்திருக்கின்றன. மூன்றாவது 'மொன்னொந்தோர்', மன்வந்தரம். ஒரு மனுவின் யுகம் முடிந்து அடுத்தது பிறக்கிற ஊழிமாற்றம். மாபெரும் பஞ்சங்களுக்குத்தான் இந்தப் பெயர். வங்காள ஆண்டு 1176-இல் வந்தது (நம் கணக்கில் 1769-70) 'சியாத்தோரேர் மொன்னொந்தோர்', எழுபத்தாறின் ஊழி. வங்காளத்தில் மூன்றில் ஒருவர் செத்ததாக அந்தக் காலத்து மதிப்பீடு. கம்பெனிக்காரன் வரி வசூலை நிறுத்தவில்லை. 1771-இன் நிகர வசூல் 1768-ஐ விட அதிகம் என்று வாரன் ஹேஸ்டிங்ஸே லண்டனுக்கு எழுதினார். 1943-இல் வந்தது வங்காள ஆண்டு 1350-இல். அது 'பொஞ்சாஷேர் மொன்னொந்தோர்', ஐம்பதின் ஊழி.

நாமும் அப்படித்தான். சேலம் பக்கத்தில் எங்கள் பாட்டி, தட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டு தின்றால், "தாது வருசத்துல பொறந்தவனாட்டம் திங்காத" என்பார். 1876-இல் பிறந்த தாது வருஷம். அரசாங்கக் காகிதத்தில் என்ன பெயர் இருந்தாலும், செத்தவர்களின் பிள்ளைகள் தங்கள் காலண்டரில்தான் குறித்து வைத்திருக்கிறார்கள்.

பேரேட்டில் இல்லாத பஞ்சம்

இப்போது ஆங்கில வார்த்தைக்கு வருவோம். 1943-இல் வங்காளத்தில் 'ஃபேமின்' இருந்ததா? சட்டப்படி இல்லை! ஃபேமின் கோட் என்று ஒரு சட்டப் புத்தகம் இருந்தது. அதன்படி பஞ்சம் என்று அறிவித்தால் நிவாரண வேலை, குறிப்பிட்ட அளவு உணவு எல்லாம் கொடுத்தாக வேண்டும். கடைசி வரை அறிவிக்கவில்லை. கோடு சொல்லுகிற அளவு கொடுக்கக் கையில் தானியம் இல்லை என்பது மாகாண அரசு வைஸ்ராய்க்குச் சொன்ன விளக்கம். சாப்பாடு இல்லாததால் பஞ்சம் என்று சொல்ல முடியவில்லை! இதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

நடந்தது சுருக்கமாக. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, பர்மா அரிசி நின்றது. ஜப்பான்காரன் வந்தால் பயன்படக்கூடாது என்று கடலோர வங்காளத்தில் 'டினையல்' கொள்கை. மிச்சமான நெல்லை வாங்கி அகற்றினார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளில் சுமார் 46 ஆயிரத்தைப் பறித்தோ உடைத்தோ முடக்கினார்கள். ஆறுதான் ரோடு, படகுதான் வண்டி என்று வாழ்ந்த ஊர்களில் மீனும் போயிற்று, சந்தையும் போயிற்று. (தெர்யே வீகனின் படகு ஞாபகம் வந்ததா?) 1942 அக்டோபர் 16 அன்று மிட்னாப்பூர்க் கடற்கரையில் புயல். அதன் மேல் போர்க்காலப் பணவீக்கம்.

வங்கிக்காரன் கண்ணுக்கு அரிசி விலைதான் முதலில் பட்டது. கல்கத்தா மொத்த விலை, மணங்கு ஒன்றுக்கு: 1942 டிசம்பரில் 13 - 14 ரூபாய். 1943 மார்ச்சில் 21. மே மாதம் 30-க்கு மேல். ஆகஸ்டில் 37. விவசாயக் கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. நகரத்தில் போர்த் தொழிற்சாலை, அரசாங்க அலுவலகம், பெரிய கம்பெனி ஆட்களை 'முன்னுரிமை வகுப்பு' என்று பிரித்து அவர்களுக்குச் சலுகை விலையில் அரிசி கிடைத்தது. விளைவித்தவன் வரிசையில் இல்லை.

சாந்திநிகேதனில் அப்போது ஒன்பது வயதுப் பையனாக இதைப் பார்த்த அமர்த்தியா சென், 1981-இல் எழுதிய புத்தகத்தில் காட்டிய கணக்கு இது: 1943-இல் வங்காளத்தில் இருந்த அரிசி, முந்தைய ஐந்து வருஷ சராசரியை விட ஐந்து சதவீதம்தான் குறைவு. 1941-ஐ விட அதிகம். இந்தக் கணக்கை மறுக்கிறவர்களும் உண்டு. ஆனால் பொருள் ஊரில் இருப்பது வேறு, அதை வாங்கும் சக்தி ஒருவன் கையில் இருப்பது வேறு என்ற அவரது அடிப்படை வாதம் நிலைத்துவிட்டது. கணக்குப் புத்தகம் எழுதுகிற நமக்கு இது புரியாதா என்ன? ஊர் மொத்தத்தின் ஐந்தொகை சரியாக இருக்கும். ஒருத்தன் பாஸ்புக்கில் மட்டும் பூஜ்யம்.

பத்திரிகைகளுக்குப் போர்க்காலக் கெடுபிடி. 1943 ஆகஸ்ட் 22-இல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை, ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் துணிந்து, கல்கத்தா தெருக்களில் கிடந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்டது. வார்த்தைக்குத் தடை இருந்தாலும் படத்தை எப்படி மறுப்பது? அதற்குப் பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. சவுரங்கியில் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் எத்தனையோ நாள் ஆபீஸ் போயிருக்கிறேன். ஓவியர் சித்தபிரசாத் மிட்னாப்பூரில் நடந்து வரைந்த 'ஹங்ரி பெங்கால்' புத்தகத்தைப் பிரிட்டிஷார் பறிமுதல் செய்து எரித்தார்கள். 1945-இல் வந்த விசாரணை ஆணையம் சொன்ன சாவு எண்ணிக்கை 15 லட்சம். சென் கணக்கில் சுமார் 30 லட்சம்.

அந்த 1943 அக்டோபரில் வந்த ஒரு அவசரச் சட்டத்தைப் பாருங்கள். தெருவில் கிடப்பவர்களைப் பிடித்து நகரத்துக்கு வெளியே அனுப்ப அதிகாரம் தருகிற சட்டம். அதில் அவர்களுக்குப் பெயர் 'டெஸ்டிட்யூட்'. ஆதரவற்றோர். பஞ்சத்தில் அடிபட்டவன் என்று எழுதினால், பஞ்சம் எங்கே, யார் பொறுப்பு என்று கேள்வி வரும். ஆதரவற்றவன் என்று எழுதினால் அது அவன் தலையெழுத்து. அதே வார்த்தை நம் தாலுகா ஆபீஸில் இன்றும் 'ஆதரவற்ற விதவைச் சான்றிதழ்' என்று உயிரோடு இருக்கிறது.

'டிஸ்ட்ரெஸ்' இன்னும் வேடிக்கை. துயரம் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் சட்டத்தில் அதற்கு இன்னொரு அர்த்தம், ஜப்தி. கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்று நகரங்களுக்கும் வந்த 1882-ஆம் வருஷத்துச் சிறு வழக்கு நீதிமன்றச் சட்டத்தில், வாடகை பாக்கிக்காகச் சாமானை எடுத்துப்போகும் அத்தியாயத்துக்குத் தலைப்பே 'டிஸ்ட்ரெஸ்'தான். ஒரே வார்த்தை. சாமான் போனவனுக்குத் துயரம், எடுத்துப் போனவனுக்கு நடவடிக்கை.

தாது வருஷமும் ஒரு ராத்தல் தானியமும்

இந்த ஃபேமின் கோட் எங்கிருந்து வந்தது என்று தேடினால், அது நம் வீட்டு வாசலில் கொண்டு வந்து விடுகிறது.

1873-74-இல் பீகாரில் (அப்போது அது வங்காள மாகாணம்) விளைச்சல் போனபோது, சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன் அளவுக்கு அரிசி இறக்கினார். சாவு மிகக் குறைவு. பாராட்டு கிடைத்ததா? காசை வாரி இறைத்துவிட்டார் என்று வசைதான். அதே டெம்பிளை 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இந்த முறை அவர் பாடம் கற்றுக்கொண்டுதான் வந்தார். நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், ஒரு அணா காசு. ஒரு ராத்தல் என்பது 450 கிராம் சொச்சம். நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு! சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்கிற மருத்துவர், குறைந்தது ஒன்றரை ராத்தல் வேண்டும் என்று சண்டை போட்டார். சில மாதங்களில் கூலியை ஏற்ற வேண்டி வந்தது. சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பகுதி இப்படி வெட்டப்பட்டதுதான். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 55 லட்சம் என்று ஒரு கணக்கு. அதிகமாகச் சொல்பவர்களும் உண்டு.

அதற்குப் பிறகுதான் 1880-இல் பஞ்ச ஆணையத்தின் அறிக்கை, தொடர்ந்து 1883-இல் ஃபேமின் கோட். எது 'ஸ்கேர்சிட்டி', எது 'ஃபேமின்' என்று படி போட்டார்கள். பற்றாக்குறை என்றால் ஒரு அளவு உதவி, பஞ்சம் என்றால் முழு உதவி. நம் தாது வருஷத்துப் பிணங்களின் மேல் எழுதிய விதிப்புத்தகம் அது. அறுபது வருஷம் கழித்து, அதை எழுதிய அதே அரசாங்கம், பஞ்சம் என்ற வார்த்தையைச் சொல்லாமலே அந்தப் புத்தகத்தைப் பூட்டி வைத்தது.

வெள்ளைக்காரன் போனதும் சரியாகிவிட்டதா? மகாராஷ்டிர அரசு 1963-இல் ஒரு சட்டம் போட்டது. மாநிலச் சட்டங்களில் 'ஃபேமின்' என்ற சொல்லை நீக்கி 'ஸ்கேர்சிட்டி' என்று மாற்றுவதற்கு! பஞ்சம் இனி வராது, அதனால் சொல் வேண்டாம் என்பது எண்ணம். இன்று ஐ.நா. அமைப்புகள் பஞ்சம் என்று அறிவிக்க வேண்டுமானால், மற்ற அளவுகோல்களோடு, பத்தாயிரம் பேரில் தினம் இரண்டு பேர் சாக வேண்டும் என்றும் ஒன்று இருக்கிறது. 2011 ஜூலையில் சோமாலியாவுக்கு அந்த அறிவிப்பு வந்தபோது ஏராளமானவர்கள் செத்து முடிந்திருந்தார்கள்.

என் கையெழுத்து

ஊரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

பதினைந்து வருஷத்துக்கு முன், தமிழ்நாட்டில் ஒரு கிராமக் கிளையில் இருந்தேன். மழை இல்லை. ஒரு விவசாயி பயிர்க்கடனைக் கட்ட முடியாமல் வந்து நின்றார். விளைச்சல் பாதிக்கு மேல் நஷ்டம் என்று அந்தப் பகுதியை அரசு அறிவித்தால்தான் கடனை மாற்றி அமைக்க முடியும் என்பது அப்போதைய விதி. (2015-இல்தான் அந்த வரம்பை 33 சதவீதமாகக் குறைத்தார்கள்.) பக்கத்துப் பகுதிக்கு அறிவிப்பு வந்தது. அவர் பகுதி மயிரிழையில் தப்பிவிட்டது. காகிதத்தில் தப்பியது.

ஃபைலில் காரணம் எழுதும் கட்டத்தில் நான் எழுதியது: 'தற்காலிகப் பணவரத்துக் குறைவு'. வறட்சி என்று எழுதினால் மேலே கேள்வி வரும், அறிவிப்பு எங்கே என்பார்கள். ஒரு மாதம் கழித்து அவரே வந்தார். "வீட்டைப் பூட்டிட்டு திருப்பூர் போறோம் சார், பஞ்சம் பொழைக்க. இனிமே நோட்டீஸ் அனுப்பினா வாங்க ஆள் இருக்காது." கோபமாகச் சொல்லவில்லை. தபால் செலவு வீணாகுமே என்கிற மாதிரி சொன்னார்.

நான் எழுதத் தயங்கிய வார்த்தையை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! இந்த மூன்று வாரமும் அதுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

அண்ணன் மகளுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ஹார்ட்ஷிப் - கஷ்டம். டிஸ்ட்ரெஸ் - துயரம், ஜப்தியும்கூட. ஸ்கேர்சிட்டி - பற்றாக்குறை. டெஸ்டிட்யூட் - ஆதரவற்றவர். ஃபேமின் - பஞ்சம். ஊர்க்கதைக்கு திதாவின் வடிகஞ்சிப் பாத்திரம். கூடவே, வார்த்தைப் பட்டியலில் இல்லாத 'பஞ்சம் பிழைத்தல்' பற்றியும் நாலு வரி எழுதினேன். பஞ்சம் வந்தால் ஊரை விட்டுப் போய்த்தான் பிழைக்க வேண்டும் என்பதால் நம் மொழியில் அதற்கே ஒரு வினை இருக்கிறது, தாது வருஷத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு எத்தனையோ பேர் போனது அப்படித்தான் என்று.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. டீச்சருக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டதாம். 1825-க்குப் பிறகு நூறு வருஷத்தில் நார்வேயிலிருந்தே சுமார் எட்டு லட்சம் பேர் அமெரிக்கா போனதைச் சொல்லி, அங்கே துன்பத்துக்கு இருக்கும் 'எலெந்திஹேத்' என்ற சொல்லின் வேரையும் வகுப்பில் விளக்கினாராம். பழைய ஜெர்மானியத்தில் அதன் மூலப் பொருள் 'வேற்று நாடு'. சொந்த மண்ணை விட்டு வேறு மண்ணில் இருப்பதுதான் துன்பம்.

கடைசி வரியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: "அப்போ சித்தப்பா, நீங்க கல்கத்தாவுக்கும் நாங்க இங்கயும் வந்தது பஞ்சம் பிழைக்கவா?"

சம்பளம், பி.எஃப்., வீட்டுக்கடன் எல்லாம் உள்ள நாம் அந்த விவசாயியின் வார்த்தையை எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்று ஒரு மனசு. எங்கள் பாட்டியின் பாட்டி தாது வருஷத்தில் தப்பிப் பிழைத்திருக்காவிட்டால் நான் ஏது என்று இன்னொரு மனசு. இன்னும் பதில் எழுதவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?